தனிச் சப்பரம்

எங்கள் வீட்டு மாடிக்குக் குடித்தனம் பார்த்து வைப்பது அத்தையின் இலாகா. வீடு அப்பாவின் பெயரில் இருந்தது. வரி கட்டுவது அப்பா, குழாய் உடைந்தால் ஆளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிற்பதும் அவர்தான். ஆனால் மாடியில் யாரைக் குடிவைப்பது என்ற பேச்சு எழுந்தால் உடனே செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அத்தை அவருக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். மற்ற நாட்களில் தெருவை நடத்திக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவைப்போல இன்னொரு தெரு கிடையாது என்பது அப்பாவின் கட்சி. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, கையை நீட்டி, "இதப் பாருங்க, ஒரு குட்டி இந்தியா" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பள்ளிவாசல் முனையில் ராவுத்தர் வீடுகள். அடுத்து, குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பி விவசாயம் செய்து அலுத்துப்போய், டவுனுக்கு வந்து கடை வைத்தவர்களின் வீடுகள். அவர்களுக்கென்று ஒரு பிள்ளையார் கோயில். நடுவில் கத்தோலிக்கர்களாகிய நாங்கள், பாதிக்கு மேல் வாத்தியார்கள். கடைசியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த காய்கறி வியாபாரிகள் இரண்டு வீடு. அவர்கள் வீட்டு நாயைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அத்தை கேலி செய்வாள். ரம்ஜானுக்கு அந்த முனையிலிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு எங்களிடமிருந்து அதிரசமும் முறுக்கும் போகும். ராவுத்தர் வீடு ஒன்றில் சாவு விழுந்தபோது அத்தை அண்டாவில் கஞ்சி காய்ச்சி அனுப்பியதை இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள். ஒற்றுமைக்கு ஒரு குறைவும் இல்லை. அந்தக் குட்டி இந்தியாவிலும் எல்லோரும் அவரவர் மாநிலத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வீடு காலியானால், போனவர்களைப் போலவே இன்னொரு குடும்பம் வந்து சேரும். ராவுத்தர் போன வீட்டுக்கு ராவுத்தர், வாத்தியார் போன வீட்டுக்கு வாத்தியார். கொய்யா மரத்தில் கொய்யா காய்ப்பதுபோல அது அந்தந்த வீட்டின் குணம் என்று நான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் அத்தையைப் போன்றவர்களின் உழைப்பு இருந்தது எனக்குத் தெரியாது.

உழைப்பு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு கேட்டு வருகிறவர்களிடம் நேராக, நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டுவிட முடியாது. அது நாகரிகம் இல்லை. அதுவும் கிறிஸ்தவர்களுக்குள் அந்தக் கேள்வியே கிடையாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அத்தைதான். ஆகவே சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் இந்துக்கள் என்றால் குலசாமி எந்த ஊரில் என்று கேட்பாள். முஸ்லிம்கள் என்றால் முகமெல்லாம் சிரிப்பாக, "அடடா, இப்பத்தானே அட்வான்ஸ் வாங்குனோம்" என்பாள். கிறிஸ்தவர்கள் என்றால் எந்தப் பங்கு என்று விசாரிப்பாள். பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பிலுள்ள கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும். ஊர் தெரிந்துவிட்டால் தெருவைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. எந்த ஊரில் எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது அத்தைக்கு அத்துப்படி. வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும் சர்க்கார் ஆட்கள் அத்தையோடு செத்த நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால், வெயிலில் அலையாமல் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு கோடை விடுமுறையில் மாடி காலியானது. எனக்கு ஒரே ஒரு கவலைதான். இந்த முறையாவது என் வயதில் ஒரு பிள்ளை உள்ள குடும்பம் வரவேண்டும். தெருவில் எங்கள் பகுதியில் இருந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்களோடு வாய்ப்பாடு ஒப்பிக்கலாம், கேரம் ஆட முடியாது. கேரம் போர்டில் எதிர்ப்பக்கத்துக்கும் நானே போய் உட்கார்ந்து ஆடி, நானே தோற்று, நானே அழுத காலம் அது.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காலி செய்தாக வேண்டும்.

"இங்கருந்துன்னா இவ டூட்டிக்குப் பொடிநடையாப் போயிருவாக்கா. நைட் டூட்டி முடிஞ்சு வாரப்ப பஸ்ஸுக்கு நிக்க வேண்டியதில்ல" என்றார் அவர்.

"அம்புட்டுக் கிட்டக்க. இந்தா இருக்கு ஆஸ்பத்திரி" என்றாள் அத்தை, தானே கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரியைப்போல.

மாடியைத் திறந்து காட்டினோம். அந்தப் பெண்ணின் அம்மா அதிகம் பேசவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். தெருப்பக்க ஜன்னலுக்குப் போய்க் கையால் முழம்போட்டு அளந்து, அவர் கணவரிடம் ஏதோ சொன்னார். ஜன்னலுக்குத் திரைத்துணி அளக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அளந்தாயிற்று என்றால் வந்த மாதிரிதான். நான் அந்தப் பெண்ணிடம், "உனக்குக் கேரம் தெரியுமா?" என்று கேட்டேன். "சிவப்பக்கூட ஒரே அடியில போட்ருவேன்" என்றாள். எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லோரும் கீழே வந்து உட்கார்ந்தார்கள். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அத்தை விசாரணையைத் தொடங்கினாள். பங்கின் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"அந்த ஊரா? அங்க நீங்க யாரு வீடு?"

"எங்கப்பா வாத்தியாரா இருந்தாருக்கா. அவரு தவறி நாளாச்சு. நாங்க சின்னதுலயே டவுனுக்கு வந்துட்டோம்."

"வீடு கோயிலுக்குக் கிட்டயா, தள்ளியா?"

"நடக்குற தூரந்தான்."

"மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம் வச்சீங்க?" என்று அத்தை அந்தப் பெண்ணின் அம்மாவைக் கேட்டாள்.

"பருப்பும் முட்டையுங்க்கா."

அத்தை கேட்ட எல்லாவற்றுக்கும் விடை வந்தது. மரியாதையாக, உடனுக்குடன் வந்தது. ஆனால் எதை வைத்தும் அத்தையால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்த மனிதர் இதற்கு முன் பல வீட்டுக் கூடங்களில் இதே காப்பியைக் குடித்து இதே கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு, ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள், சாவியைக் கொடுத்தால் என்ன என்றுதான் இருந்தது.

அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒரு தட்டில் முறுக்கை வைத்து என் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போ. பேச்சோட பேச்சாக் கேளு, ஊர்த் திருவிழாவுக்குப் போவீங்களா, சப்பரம் உங்க தெருவுக்கு வருமான்னு."

"எதுக்கு அத்தை?"

"சும்மா கேளுடி."

சப்பரம் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பூர்வீக ஊரில் அந்தோனியார் திருவிழாவின்போது சொரூபத்தை வைத்து, சீரியல் லைட்டெல்லாம் போட்டு, ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள். சப்பரம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். நாங்கள் மெழுகுவத்தி ஏற்றி, உப்பும் மிளகும் தூவி, மாலை போடுவோம். எங்கள் தெரு முனையோடு சப்பரம் திரும்பிவிடும். முனைக்கு அந்தப் பக்கமும் வீடுகள் இருந்தன. அங்கேயும் வாசலில் ஆட்கள் நின்றிருப்பது தெரியும். அங்கே ஏன் போவதில்லை என்று நான் கேட்டதில்லை. தூக்குகிறவர்களுக்குத் தோள் வலிக்கும் என்று நானே ஒரு விடை வைத்திருந்தேன்.

ஆகவே அத்தையின் கேள்வி எனக்கு ஒரு பரீட்சை மாதிரி பட்டது. அவர்கள் தெருவுக்குச் சப்பரம் வருகிறது என்று சொல்லிவிட்டால் வீடு அவர்களுக்கு. மொட்டை மாடியில் ஆளுக்கொரு முறுக்கை எடுத்துக்கொண்டதும் கேட்டேன்.

"உங்க ஊர்ல சப்பரம் உங்க தெருவுக்கு வருமா?"

"கோயில் சப்பரமா? அது வராது" என்றாள்.

போச்சு, வீடு இவர்களுக்கு இல்லை என்று நினைத்தேன்.

"எங்களுக்குத்தான் சொந்தச் சப்பரம் இருக்குல்ல. எங்க தெருவுக்குன்னே தனிச் சப்பரம். எங்க சித்தப்பாதான் லைட் போடுவாரு. அவரு எலெக்ட்ரீசியன். தெர்மோகோல்ல ரெண்டு சம்மனசு செஞ்சு, ரெக்கை மட்டும் இப்பிடி இப்பிடி ஆடும். ஜெனரேட்டர் தனியா ஒரு வண்டியில வரும். கோயில் சப்பரத்தவிட எங்களுதுதான் ஒசரம். பேண்டு செட்டும் எங்களுக்குத் தனி."

சம்மனசு என்றால் தேவதூதர். அதன் இறக்கை எப்படி ஆடும் என்று எழுந்து நின்று, முறுக்கும் கையுமாக ஆட்டிக் காட்டினாள். எங்கள் ஊர்ச் சப்பரத்தில் எதுவும் ஆடாது. அது ஊருக்கே ஒன்று, பழையது, போன வருஷம் பாதி லைட் எரியவில்லை. ஒரு தெருவுக்கென்றே ஒரு சப்பரம் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஆட்களாக இருந்தும், இந்தப் பெண் என்னோடு கேரம் ஆடச் சம்மதித்திருக்கிறாளே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பொறாமையாகவும் இருந்தது.

அத்தை சமையலறைக்கு வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. படியிறங்கி ஓடிப்போய்க் கூடத்தின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அத்தை, அவங்க தெருவுக்குன்னே தனிச் சப்பரம் இருக்காம்! கோயில் சப்பரம் அங்க வராதாம், வரவே வேண்டாமாம்! ரெக்கையெல்லாம் ஆடுமாம்!"

நான் எதிர்பார்த்தது கைதட்டல் இல்லையென்றாலும், ஒரு 'அப்படியா'வாவது வரும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அத்தை வாய் திறப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார். அவருடைய கணவர் மீதிக் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைச் சத்தம் வராமல் ஸ்டூல்மேல் வைத்தார்.

"வீடு பாத்துட்டீங்கள்ல? எந் தம்பிகிட்டக் கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புறேன்" என்றாள் அத்தை.

அந்தத் தம்பி எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், செய்தித்தாளுக்குப் பின்னால். வந்தவர் அந்தச் செய்தித்தாளை ஒருமுறை பார்த்தார்.

"கலந்துக்கிட்டுச் சொல்லுங்கக்கா."

"ஆமா, கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று செய்தித்தாளும் சொன்னது.

போகும்போது அவர் என் தலையில் கைவைத்து, "பாப்பா நல்லாப் பேசுது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் படியில் திரும்பி நின்று, கேரம் காயை அடிப்பதுபோல விரலால் சுண்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டே, "நல்ல ஆளுகளாத்தான் தெரிஞ்சாங்க" என்றாள்.

"நல்ல ஆளுகதான். யாரு இல்லேன்னா?" என்றாள் அத்தை.

அப்பா கலந்துகொள்வதற்காக நான் காத்திருந்தேன். அவர் யாரோடும் எதையும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை. 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை கேட்டில் தொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அத்தையிடமே கேட்டேன்.

"அவங்களுக்கு நம்ம வீடு சரிப்படாதுடி" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். தனிச் சப்பரமும் தனி பேண்டு செட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு, குளியலறையில் டைல்ஸ்கூடப் போடாத எங்கள் மாடி எப்படிப் போதும்? பார்த்ததும் பிடிக்காமல் போயிருக்கும். மரியாதைக்காகக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியென்றால் வீட்டைக் கொஞ்சம் சரிசெய்தால் மனம் மாறுவார்கள். மறுநாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது மாடி முழுவதையும் கூட்டினேன். குழாயடியில் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பரணிலிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எடுத்துத் தூசி தட்டி, தெருப்பக்க ஜன்னலில், அந்த அம்மா முழம்போட்ட அதே ஜன்னலில் கட்டிவைத்தேன். தெருவில் போனால் கண்ணில் படாமல் இருக்காது.

சாயங்காலம் தெருவில் நின்று அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எதுக்குடி இந்த வெயில்ல ஸ்டார் கட்டி வச்சிருக்க?"

"அவங்க பாத்தா, வீடு புடிச்சு வருவாங்கள்ல அத்தை."

அத்தை நட்சத்திரத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று ஒதுங்கி நின்றேன். "காயிதம் வெளுத்துப்போகும், கழட்டி உள்ள வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று ஜெபமாலையை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மாடிக்கு ஆள் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் அவர் மனைவியும். அவர்கள் பங்கின் பெயரைச் சொன்னதும், தெருவைச் சொன்னதும், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும், அத்தைக்கு அவர்கள் ஒருவகையில் உறவாகவே போய்விட்டார்கள். நான் கேரம் ஆடினால் கட்டை விழும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று வந்த வாரமே அப்பாவிடம் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியர். அப்பா செய்தித்தாளை விரித்தார். தெருவில் எதுவும் மாறவில்லை. அடுத்து வந்த விருந்தாளிக்கும் அப்பா குட்டி இந்தியாவைக் காட்டினார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில், வேறு பிரிவு வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீடு உங்களுக்குப் புடிக்கலையா?"

"புடிச்சதே. எங்கம்மா கர்ட்டன் துணிகூட எடுத்து வச்சாங்க. நீங்கதான் ஒண்ணும் சொல்லியனுப்பல."

அப்பா இன்னும் கலந்துகொள்ளவில்லை என்று நான் சொன்னேன். அது உண்மைதானே. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டி, பைபாஸ் பக்கம் என்றாள். அங்கே எல்லாரும் அவர்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே இருக்கிறார்களாம், யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அம்மா நைட் டூட்டி முடிந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் இவள் பள்ளிக்கூடம் கிளம்பி வந்துவிடுகிறாளாம். இப்போதெல்லாம் தலை பின்னிவிடுவது அப்பாதானாம். பின்னல் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

எனக்கு அந்தச் சப்பரத்தைப் பற்றி இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்தது. சம்மனசுக்குக் கண் திறந்து மூடுமா என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சப்பரத்தப் பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. அன்னைக்கு உங்க வீட்டுலருந்து போறப்ப, பஸ் ஸ்டாப்புல வச்சு என்னய அடிச்சாங்க. இங்க" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எதுக்கு?"

அவளும் அதை யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

"பெருமையடிச்சதுக்குத்தான். வேற எதுக்கு அடிப்பாங்க?"

நான் தலையாட்டினேன். பெருமையடித்தால் ஆண்டவருக்குப் பிடிக்காது என்று அத்தையும் ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அடித்துவிட்டு அவள் அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னாள். அதுதான் ஏன் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போகும்போது, எங்களுக்குத் தனிச் சப்பரம் இல்லாததே நல்லது, அதற்காக என்னை யாரும் அடிக்கப்போவதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.